தேர்த்துகளுக்குக் கீழே 22 இலக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் நெருங்கினால் போதும், வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி கிளம்பிவிடும். தமிழில் பெயருள்ள மிகச் சிறிய பின்னம் தேர்த்துகள், அது 2323824530227200000000-இல் ஒரு பங்கு என்று. நான் பாளையங்கோட்டையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறவன். செய்தி வந்த மறுநாள் பாடம் நடக்காது, இந்த எண்ணைப் பற்றித்தான் கேள்வி. பிள்ளைகள் கேட்டது, அவர்களைக் கூட்டிப்போக வந்த பெற்றோர் வாசலில் நின்று கேட்டது, டீக்கடை பெஞ்சில் அண்ணாச்சிமார் கேட்டது எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

தேர்த்துகள் என்றால் என்ன?

தேர் ஓடும்போது சக்கரத்தடியில் கிளம்பும் புழுதியின் ஒரு பொடி என்பது சொல்லுக்கு நேரான பொருள். கணக்கில் அது ஒரு பின்னத்தின் பெயர். முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி என்று கீழே இறங்கிக்கொண்டே போகிற வரிசையின் கடைசிப் படி. ரதவீதியில் இப்போது தார் போட்டுவிட்டதால் புழுதியைக் காட்டிப் பாடம் சொல்ல வழியில்லை. வடம் பிடித்தவன் உள்ளங்கையில் ஒட்டியிருக்கும் தும்பைக் காட்டலாம்.

இந்த எண்ணை எப்படி வாயால் படிப்பது?

முதலில் நம் முறையில் காற்புள்ளி போடுங்கள்: 2,32,38,24,53,02,27,20,00,00,000. மொத்தம் 22 இலக்கம், கடைசி எட்டும் சுழி. கோடிக்கு மேலே எந்தப் பெயர் எவ்வளவு என்பதில் ஆளுக்கொரு கட்சி இருப்பதால் நான் கோடியோடு நிறுத்திக்கொள்கிறேன். இரண்டு கோடியே முப்பத்திரண்டு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்து இருநூற்று நாற்பத்தைந்து கோடி கோடி, அதோடு முப்பது லட்சத்து இருபத்திரண்டாயிரத்து எழுநூற்றிருபது கோடி. ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் உங்களுக்கு ஒரு சுக்குக் காப்பி என் செலவு.

எங்கிருந்து வந்தது? யாராவது மனம்போன போக்கில் எழுதியதா?

பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் இது ஒரு ஏணி. ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருக்கு எண் உண்டு. இன்று பரவலாகக் கிடைக்கும் பட்டியலை மேலிருந்து கீழே இறக்கிப் பார்ப்போம். ஒன்றுக்கு 320 முந்திரி. ஒரு முந்திரிக்கு 320 கீழ்முந்திரி. ஒரு கீழ்முந்திரிக்குப் பத்தரை இம்மி. இம்மிக்கு 22 மும்மி, மும்மிக்கு 7 அணு, அணுவுக்கு 9 குணம், குணத்துக்கு 5 பந்தம், பந்தத்துக்கு 6 பாகம், பாகத்துக்கு 7 விந்தம், விந்தத்துக்கு 17 நாகவிந்தம், நாகவிந்தத்துக்கு 14 சிந்தை, சிந்தைக்கு 20 கதிர்முனை, கதிர்முனைக்கு 40 குரல்வளைப்படி, அதற்கு 60 வெள்ளம், வெள்ளத்துக்கு 100 நுண்மணல், கடைசியாக ஒரு நுண்மணலுக்கு ஆறரை தேர்த்துகள்.

இந்தப் பதினாறு எண்களையும் பெருக்கினால் அந்த 22 இலக்கம் பிசகாமல் வரும். நம்பாதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காகிதத்தோடு உட்காருங்கள். நான் உட்கார்ந்தேன். பாகம் வரைக்கும் சுகமாகப் போயிற்று, பதினேழால் பெருக்கும்போதுதான் பேனா தடுமாறியது.

முழு எண்களுக்கு நடுவே பத்தரையும் ஆறரையும் என்ன வேலை? அரை வந்தால் முழு எண் கெட்டுப்போகாதா?

கெடாது. பத்தரை என்பது 21/2, ஆறரை என்பது 13/2. கீழ்முந்திரி வரைக்கும் வந்த 102400-இலேயே இரண்டு பன்னிரண்டு தடவை இருக்கிறது, அதில் இரண்டைக் கழித்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

சொல்லப்போனால் இந்த இரண்டு அரைகளும்தான் எண்ணுக்குச் சுவை. 13 என்ற பகா எண் ஏணியில் வேறு எந்தப் படியிலும் கிடையாது, கடைசி ஆறரையில் மட்டும்தான் ஒளிந்திருக்கிறது. பத்தரையில் 3-ம் 7-ம் இருக்கின்றன. எங்கள் பக்கம் ஒரு கோட்டை நெல்லுக்கு 21 மரக்கால், ஆகவே அரைக்கோட்டைக்குப் பத்தரை மரக்கால். வயல்காரர் வீட்டுப் பிள்ளைக்குப் பத்தரை ஒன்றும் புதிதில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்ல வரவில்லை, நினைவுக்கு வந்தது, எழுதினேன்.

பகாக் காரணிகள் என்ன?

2²² × 3⁵ × 5⁸ × 7⁴ × 11 × 13 × 17.

அவ்வளவுதான். 22 இலக்கமும் இந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது. 11 வந்தது 22 மும்மியிலிருந்து, 17 வந்தது நாகவிந்தத்திலிருந்து. ஏழு மட்டும் நான்கு இடத்தில் தலைகாட்டுகிறது: பத்தரையில், அணுவில், விந்தத்தில், சிந்தையில். ஐந்து எட்டுத் தடவை இருப்பதால்தான் கடைசியில் எட்டுச் சுழி. இரண்டு 22 தடவை இருந்தும் சுழி எட்டோடு நிற்பதற்குக் காரணம், சுழிக்கு இரண்டும் ஐந்தும் ஜோடியாக வேண்டும். ஐந்து தீர்ந்ததும் சுழியும் தீர்ந்தது.

இந்த வரி கையில் இருந்தால், எண்ணைப் பற்றிப் பிறகு வரும் எந்தக் கேள்விக்கும் பெரிய வகுத்தல் தேவையில்லை.

எத்தனை வகுஎண்கள்?

வகுஎண் என்றால் மிச்சமில்லாமல் வகுக்கும் எண். அப்படி 49,680. ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்று கூட்டிப் பெருக்க வேண்டியதுதான்: 23 × 6 × 9 × 5 × 2 × 2 × 2. இவற்றில் ஒற்றைப்படை 2,160. முழு வர்க்கமாக இருப்பவை 540.

எத்தனை பேருக்கு மிச்சமில்லாமல் பங்கு வைக்கலாம்?

இந்தக் கேள்விக்கு அல்வாதான் சரியான உதாரணம். ஒரு முழு அல்வாவை இத்தனை தேர்த்துகளாகப் பிரித்து வைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் வந்தால் சரிபாதி. ஏழு பேர் வந்தாலும் மிச்சமில்லை. பதினொன்று, பதிமூன்று, பதினாறு, பதினேழு, பதினெட்டு, யார் வந்தாலும் சமமாகப் பங்கு போகும், ஒரு துகள் மிஞ்சாது. 1 முதல் 18 வரை எல்லா எண்ணாலும் இது வகுபடும்.

பத்தொன்பதாவது ஆள் வந்ததும் கதை மாறுகிறது. 19-ஆல் வகுத்தால் மீதி 6. அத்தனை கோடி கோடியில் ஆறே ஆறு துகள் தட்டில் கிடக்கும். 20, 21, 22 பேருக்கு மறுபடி சரியாகப் போய்விடும். 23 பேர் என்றால் திரும்பவும் மீதி 6. இரண்டு இடத்திலும் ஆறு வருவது தற்செயல்தான், ஆனால் வகுப்பில் கரும்பலகையில் அது விழுந்தபோது பின் பெஞ்ச் கூட எழுந்து பார்த்தது.

19-ஐ மட்டும் ஏன் விட்டார்கள்? ஏதாவது ரகசியமா?

ஒரு ரகசியமும் இல்லை. எந்தப் படியிலும் 19 வரவில்லை, அதனால் பெருக்குத்தொகையிலும் இல்லை. எண்ணை முன்னால் வைத்துக்கொண்டு யாரும் ஏணி கட்டவில்லை, ஏணியைக் கட்டியபின் வந்து விழுந்த எண் இது. 1 முதல் 18 வரை வகுபட வேண்டும் என்பது மட்டும் நோக்கமாக இருந்திருந்தால் 1,22,52,240 போதும். அதுதான் அந்தப் பதினெட்டு எண்களின் மீச்சிறு பொது மடங்கு, எட்டே இலக்கம்.

செய்தியில் வரும் எண் சரியா தப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்காகத்தான் இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன் என்றே சொல்லலாம். நகல் எடுக்க எடுக்க ஒரு இலக்கம் மாறும், ஒரு சுழி உதிரும். என்னிடம் வந்த செய்திகளிலேயே இரண்டு மூன்று விதமாகப் பார்த்துவிட்டேன். பெருக்கிப் பார்க்காமலே பிடிக்க ஒரு வழி உண்டு.

7 × 11 × 13 = 1001. நம் எண்ணில் மூன்றும் இருப்பதால் அது 1001-ஆல் வகுபட வேண்டும். 1001-க்கு ஒரு சுலபமான சோதனை: எண்ணை வலப்பக்கமிருந்து மூன்று மூன்று இலக்கமாக வெட்டி, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழிக்க வேண்டும். விடை சுழியாகவோ 1001-இன் மடங்காகவோ வந்தால் வகுபடும். ஆயிரம் என்பது 1001-க்கு ஒன்று குறைவு, அதனால்தான் ஒவ்வொரு மும்மூன்றுக்கும் குறி மாறுகிறது.

கடைசி எட்டுச் சுழியை ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது 23238245302272. வெட்டினால் 23, 238, 245, 302, 272. இப்போது 272 − 302 + 245 − 238 + 23. முப்பது குறைவு, அப்புறம் 215, அப்புறம் 23 குறைவு, கடைசியில் 23 கூட்டினால் அப்பட்டமான சுழி.

ஏதாவது ஒரே ஒரு இலக்கம் தப்பாக இருந்தாலும் இந்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கம் இரண்டு இடம் மாறியிருந்தாலும் காட்டிக்கொடுக்கும். தப்பினால் வரும் வித்தியாசம் 1 முதல் 9 வரையுள்ள ஓர் எண்ணோ ஒன்பதின் சின்ன மடங்கோ பத்தின் அடுக்கால் பெருக்கியதாகத்தான் இருக்கும். அதில் 1001 நுழைய முடியாது.

கடைசியில் ஒரு சுழி விட்டுப்போனால் மட்டும் இது ஏமாந்துவிடும், பத்தால் வகுத்தாலும் 1001 உள்ளேயே இருக்கும். அதற்கு இலக்கங்களை எண்ணிப் பாருங்கள், 22 இருக்க வேண்டும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 45 என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். அந்த 45-ஆலேயே எண் வகுபடும் என்பது உபரி.

இது முழு வர்க்கமா?

இல்லை. 3, 11, 13, 17 நான்கும் ஒற்றைப்படைத் தடவை நிற்கின்றன. அவற்றைப் பெருக்கினால் 7293. எண்ணை 7293-ஆல் வகுத்தால் 56,44,80,000-இன் வர்க்கம் கிடைக்கும். எண்ணின் வர்க்கமூலம் 4820 கோடிக்குச் சற்று மேல்.

ராமானுஜன் சொன்ன வகை எண்களில் இது ஒன்றா?

பிளஸ் டூ படிக்கும் ஒரு பிள்ளை கேட்டது. ராமானுஜன் 1915-இல் மிகுபகு எண்களைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். தன்னைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு வகுஎண்கள் கொண்டவை அவை. அவற்றில் பகா எண் பெரிதாகப் பெரிதாக அடுக்கு கூடவே கூடாது. நம் எண்ணில் 3-க்கு அடுக்கு 5, அதைவிடப் பெரிய 5-க்கு அடுக்கு 8. அங்கேயே தோற்றுவிட்டது. அந்த இரண்டு அடுக்கையும் இடம் மாற்றினால் அதே 49,680 வகுஎண்களோடு இதைவிடச் சின்ன எண் கிடைத்துவிடும். ஆக, இல்லை.

செல்பேசிக் கணிப்பானில் போட்டால் நடுவில் ஓர் ஆங்கில எழுத்து வருகிறதே?

2.3238245302272 என்று காட்டி, பக்கத்தில் ஓர் எழுத்தும் 21-ம் இருக்கும். பத்தின் 21-ஆம் அடுக்கால் பெருக்கு என்று அர்த்தம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 22 இலக்க எண்ணைக் கணினி பொதுவாகக் கடைசியில் சிதைத்துவிடும், எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் சுழியாக்கிவிடும். நம் எண்ணில் சுழிக்கு முன்னால் 14 இலக்கம்தான், அதனால் எக்செல்லில் சேதாரமில்லை. கணினி உள்ளே வைத்துக்கொள்ளும் இரண்டடிமான முறையிலும் (0, 1 மட்டும் வைத்து எழுதும் முறை) 2²² தனியே ஒதுங்கிவிடுவதால் மிஞ்சும் ஒற்றைப்படை எண் 554042942578125 கச்சிதமாக உட்கார்ந்துவிடுகிறது. ஆனால் எண்ணோடு ஒன்றைக் கூட்டிப் பாருங்கள், அந்த ஒன்று காணாமல் போகும்.

எவ்வளவு பெரியது என்று மனசுக்குப் படும்படி சொல்ல முடியுமா?

சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் நெல்லை இரட்டிப்பாக வைத்த கதை எல்லோருக்கும் தெரியும். 64 கட்டத்துக்கும் வைத்த மொத்த நெல்லைப்போல ஏறக்குறைய 126 மடங்கு இந்த எண். அதே முறையில் வைத்துக்கொண்டே போனால் 71 கட்டம் வேண்டும்.

திருப்பிச் சொன்னால், ஒரு அல்வாத் துண்டைப் பாதி, பாதியில் பாதி என்று வெட்டிக்கொண்டே போனால் எழுபதாவது வெட்டிலும் கையில் இருப்பது ஒரு தேர்த்துகளைவிடப் பெரியது. எழுபத்தோராவது வெட்டில் சிறியதாகிவிடும். எழுபத்தொன்று என்றதும் இவ்வளவுதானா என்று பிள்ளைகள் முகம் வாடிவிடுகிறது. முதல் பத்து வெட்டுக்குள்ளேயே துண்டு ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போவதை அவர்கள் இன்னும் வெட்டிப் பார்க்கவில்லை.

அப்படியானால் நம் முன்னோர் அணுவுக்கும் சின்னதை அளந்தார்களா?

டீக்கடையில் இதற்குப் பதில் சொல்லிப் பகை சம்பாதித்திருக்கிறேன். தேர்த்துகள் நீளமோ எடையோ இல்லை, வெறும் பங்கு. எதில் பங்கு என்று சொன்னால்தான் அளவு தெரியும். ஒரு மீட்டரில் ஒரு தேர்த்துகள் எடுத்தால் அது அணுவின் நடுவில் இருக்கும் புரோட்டானைவிட ஏறக்குறைய 40 லட்சம் மடங்கு சிறியது. அதை அளக்க இன்றைக்கும் கருவி இல்லை, அன்றைக்கும் இல்லை. ஒரு லிட்டர் தாமிரபரணித் தண்ணீரில் ஒரு தேர்த்துகள் என்றால் சுமார் 14,000 நீர் மூலக்கூறு வரும். ஒரு கிலோ சீனியில் என்றால் சுமார் 750 சீனி மூலக்கூறு. ஒரு கிராம் சீனியில் கேட்டால் முழுசாக ஒரு மூலக்கூறு கூட வராது, அங்கே பங்கு வைக்கவே முடியாது.

அணு என்ற பெயர் பட்டியலில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, 16,55,80,800-இல் ஒரு பங்காக. அதற்கும் வேதியியல் பாடத்து அணுவுக்கும் பெயர்தான் ஒன்று. அளக்க முடியாததற்கும் பெயர் வைத்து, படிக்குப் படி ஒரு பெருக்கு எண் கொடுத்து, பிசகாமல் கொண்டுபோய் முடித்தார்கள். எனக்கு அதுவே பெரிய காரியமாகப் படுகிறது. நடக்காததைச் சேர்த்துச் சொன்னால் நடந்ததன் மதிப்பும் குறைகிறது என்றேன். அண்ணாச்சி டீக்காசை அவரே கொடுத்துவிட்டுப் போய்விட்டார், மறுநாள் வரைக்கும் பேசவில்லை.

பேச்சில் இந்தப் பெயர்கள் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?

இம்மி இருக்கிறது. இம்மியளவும் விட்டுக்கொடுக்க மாட்டான் என்கிறோமே, அந்த இம்மி 10,75,200-இல் ஒரு பங்கு. ஒரு ஏக்கர் வயலில் ஓர் இம்மி என்றால் கிட்டத்தட்ட 5.8 சதுர அங்குலம், இரண்டு தீப்பெட்டி வைக்கிற இடம். வரப்புத் தகராறு பார்த்தவர்களுக்கு இந்த அளவு மிகையாகத் தோன்றாது.

1-ஐ இந்த எண்ணால் வகுத்தால் தசமம் எப்படி வரும்?

புள்ளிக்குப் பின் 21 சுழி, அப்புறம் 4, அப்புறம் 30325 என்று போகும். முடியவே முடியாது, காரணம் 2-ம் 5-ம் தவிர மற்ற பகா எண்கள் உள்ளே இருக்கின்றன. முதல் 22 இலக்கம் திரும்ப வராதவை, அதாவது அந்த 21 சுழியும் ஒரு 4-ம். இருபத்து மூன்றாவது இலக்கத்திலிருந்து சுழற்சி தொடங்குகிறது. ஒரு சுற்று முடிய 1,48,176 இலக்கம். அது 16 × 21 × 21 × 21. மறுபடியும் கோட்டைக்கு 21 மரக்கால் நினைவு வருகிறது, சரி, விட்டுவிடுகிறேன்.

தேர்த்துகளுக்கும் கீழே பெயர் உண்டா?

இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் விடவில்லை. பத்தொன்பதாவது ஆளுக்கு ஆறு துகள் மிச்சமானது அவனுக்கு உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. “சார், ஒரு தேர்த்துகளுக்குப் பத்தொன்பது அல்வாத்துகள்னு நாமளே ஒரு படி போட்டா என்ன?” என்றான். போட்டோம். 44152666074316800000000, இருபத்து மூன்று இலக்கம். இப்போது 1 முதல் 22 வரை எத்தனை பேர் வந்தாலும் மிச்சமில்லை. வகுப்பே கைதட்டியது.

இருபத்து மூன்றாவது ஆள் வந்தால்? பலகையில் வகுத்துப் பார்த்தோம். மீதி 22. எல்லோருக்கும் சரியாகப் போக ஒரே ஒரு அல்வாத்துகள் குறைகிறது.